கேட்டேன், கெட்டேன்

ஜூன் 3

தண்ணி வருமுன்னே எழுந்தேன். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, கவிழ்த்த டிரம்மில் உட்கார்ந்து நாலு வரி. இதுதான் என் ஆபீஸ். தாராவியில் ஒருத்தி பெருமூச்சு விட்டால் பக்கத்து வீட்டில் "என்னாச்சு ரீனாக்கா?" என்பார்கள். சத்தமில்லாமல் அழ எனக்கு எழுத்தை விட்டால் வேறு இடமில்லை. ஜாபெஸ் குர்லாவில் ரயிலிலிருந்து விழுந்து போனபிறகு எழுதுகிறதெல்லாம் அவனுக்குத்தான். என் பிள்ளை. சவப்பெட்டியை மூடித்தான் கொண்டுவந்தார்கள்.

ஜூன் 9

வரிக்கு நடுவில் எழுத்து காணாமல் போகிறது. சுகர், கண்ணுக்குள் ரத்தம் கசிந்துவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். பட்டறையில் நூலை வெட்டப் போய் சட்டையை வெட்டிவிட்டேன். முதலாளி திட்டவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார், அவ்வளவுதான்.

ஜூன் 10

பயமாயிருக்கு கர்த்தரே.

ஜூன் 16

மாட்டுங்கா ஷ்யாமளா போன் செய்தாள். தமிழ்ச் சங்கத்து ஆண்டு மலருக்கு என் கவிதை வேண்டுமாம். கண் கதையைச் சொன்னேன். "நீங்க சொல்லுங்கோ, உங்க பொண்ணு ஹிந்தி எழுத்துல எழுதட்டும். நான் தமிழ்ல டைப் பண்ணிக்கறேன்" என்றாள். ஜெஸி வாய் நிறையத் தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. நான் எழுதின ஒரு வரி அவள் வாசித்ததில்லை. மொபைலில் பேசினால் அதுவே எழுதும் என்று சொல்லி அதையும் பார்த்தோம். நம்ம திருநெல்வேலிப் பேச்சு அதுக்கு ஏறமாட்டேங்குது.

ஜூன் 18

வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். குசுகுசுவென்று சொன்னேன்: "மகனே, உன் காலடிச் சத்தம் கேட்டேன்." திருப்பி வாசிட்டி என்றால், "காலடிச் சத்தம் கெட்டேன்" என்கிறாள்!

"கேட்டேன்! கெட்டேன் இல்லை, மூதி!"

"ஹிந்தில ரெண்டுக்கும் ஒரே எழுத்துதான் மம்மி, நான் என்ன செய்ய?"

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எவ்வளவு நாளாச்சு.

ஜூன் 20

"பெட்டிக்குள் உறங்குவதுபோல் கிடந்தாய்" என்று சொன்னேன். பேனா நின்றுவிட்டது.

"எழுதுட்டி."

"மாட்டேன். தூங்குற மாதிரியா? நீ எங்க பார்த்தே?"

கத்தினாள். "ஆஸ்பத்திரில அவனை அடையாளம் சொன்னது யாருன்னு ஒருநாளாவது கேட்டியா? நான் மம்மி. நான்தான் போனேன். உனக்கு அவன் மட்டும்தான் பிள்ளை. அவன் செத்ததும் நானும் செத்துட்டேனா?"

பக்கத்து வீட்டில் பாத்திரச் சத்தம் நின்றது. கேட்டிருப்பார்கள். கேட்கட்டும்.

ஜெஸி சித்தப்பாதான் போயிருப்பாருன்னு நினைச்சேன்— நினைச்சேனா? இல்ல, நினைக்கவே இல்ல. சின்னப்பிள்ள, அவளயா அனுப்புனாவ? யாரு போனான்னு நான் ஏன் கேக்கல?

ஜூன் 21

ஜெஸி சோற்றை மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 23

ஜெஸி ஒரு வரியை எழுதமாட்டேன் என்கிறாள், கவிதை இல்லை என்று ஷ்யாமளாவிடம் சொன்னேன். "ஒரு வரிதானே, மாத்திடுங்கோளேன்" என்கிறாள். அவளுக்கு என்ன தெரியும் பாவம்.

ஜூன் 27

தடி மார்க்கரில் எழுதுகிறேன். வரிமேல் வரி ஏறியிருக்கும், கிடக்கட்டும்.

விடியுமுன் ஜெஸியை எழுப்பினேன். "பேப்பர் எடுக்கவா?" என்றாள், முகம் கொடுக்காமல்.

"வேண்டாம்ட்டி. அன்னைக்கு ஆஸ்பத்திரில பார்த்ததைச் சொல்லு."

எழும்பி உட்கார்ந்தாள். அப்புறம் செருப்பிலிருந்து ஆரம்பித்தாள். ஒற்றைச் செருப்புத்தான் இருந்ததாம். வெளியே தண்ணி வந்துவிட்டது. "ரீனாக்கா, உன் குடம்!" என்று யாரோ கத்தினார்கள். நான் எழும்பவில்லை. அவள் முகம் இருக்கிற இடம் எனக்குக் கறுப்பாகத் தெரிகிறது. கையைப் பிடித்துக்கொண்டேன், குளிர்ந்து கிடந்தது. நடுவில் ரெண்டு தரம் நிறுத்தினாள். நான் "ம்" என்றேன்.

அவன் முகம் வரைக்கும் சொன்னாள். எல்லாம் கேட்டேன்.