சேந்தனின் நடைமுத்திரையைப் பறிக்கச் சொன்ன ஓலையைத் திரும்பப் பெறுதல்

தாழையாறு வற்றாது ஓடுக. அதன் இருகரை வயலும் விளைக. அவ்விரு கரையையும் காக்கும் கோட்டத்தலைவர், போரில் புறங்காட்டாத வில்லவரையர் காரியார் நெடிது வாழ்க.

வெண்கோட்டு நாட்டு வேந்தர் அரிமாவேந்தரின் ஆணை தாங்கி, தலைநகர் முத்திரை மண்டபத்தில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வீற்றிருக்கும் முத்திரை நாயகம் நம்பி ஏறன் விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் குதிரையும் கன்றுகாலியும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலமாக இல்லை. காரணத்தை மறைக்காமல் எழுதுகிறேன்.

தங்கள் களஞ்சியத்து எழுத்தன் சேந்தனிடமிருந்து நடைமுத்திரையைப் பறித்துவிடும்படி சென்ற மாதம் தங்களுக்கு எழுதியிருந்தேன். பகலில் களஞ்சியத்தில் எழுதுபவன், வேலை முடிந்ததும் கோவேறு கழுதையில் ஏறி, மண்டபத்துக்கு வர இயலாத முதியோர், நோயாளிகள் வீடுகளுக்கே போய் அவர்களுடைய விற்பனை ஓலைக்கும் கொடை ஓலைக்கும் சான்று முத்திரை இடுகிறான். வேந்தர் அனுமதித்த பக்கவருவாய்தான் அது. ஆயினும் அவன் பேராசைக்காரன் என்றும், களஞ்சிய வேலையைக் கவனிப்பதில்லை என்றும் எழுதினேன். இரண்டும் பொய். எனக்கு வயிறெரிந்தது என்பதே மெய்.

எனக்குத் தந்தத்தால் ஆன இருக்கை உண்டு. கவரி வீச ஆளுண்டு. மக்கள் என்னைக் கண்டால் கும்பிட்டுவிட்டு ஒதுங்குகிறார்கள். அவனையோ பெயர் சொல்லி அழைத்து மோர் கொடுக்கிறார்கள். அவன் வீட்டுக்குப் புது ஓடு வேய்ந்தானென்று கேள்விப்பட்டபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படி என்னதான் சம்பாதிக்கிறான் என்று அறிந்துவர ஒற்றன் ஒருவனை அனுப்பினேன்.

ஒற்றன் கொண்டுவந்த செய்தி எனக்கு ஏமாற்றமாகப் போயிற்று. ஒரு வீட்டுக்குச் சேந்தன் போய்ச் சேருமுன் பெரியவர் கண்ணை மூடிவிட்டார். இன்னொரு வீட்டில் அண்ணன் தம்பிகள் வாசலிலேயே அடித்துக்கொண்டு அவனைத் திருப்பி அனுப்பினார்கள். ஆற்றில் வெள்ளம் வந்து ஒருநாள் முழுதும் அக்கரையிலேயே நின்றான். அரக்கும் நூலும் கழுதைக்குத் தீனியும் அவன் கைச்செலவு. புது ஓடு என்பதும் ஒரு குயவர் கூலிக்கு ஈடாகக் கொடுத்த உடைசல் ஓடு. அந்த வாரம் அவனுக்குக் கிடைத்தது ஒரு பூசணிக்காய். அதை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வீடு திரும்பினானாம். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவ்வேளையில் கூடல்வாயில் ஊரிலிருந்து, படுக்கையில் கிடக்கும் பூதியாரின் புதல்வர்கள் இருவர் பல்லக்கோடு வந்தார்கள். தாயார் தம் வீட்டையும் நிலத்தையும் தங்களுக்குக் கொடையாகத் தருவதாகவும், சேந்தன் வந்து ஏதேதோ தகராறு செய்துவிட்டுப் போனதாகவும், நாயகமே எழுந்தருள வேண்டுமென்றும் வேண்டினார்கள். சேந்தனிடமிருந்து ஒரு செல்வர் வீட்டு வேலையைப் பறிக்க வாய்ப்பு வந்ததென்று உடனே பல்லக்கில் ஏறினேன்.

முத்திரை இடுபவன், வீட்டாரையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, கொடுப்பவரிடம் ஓலையை இருமுறை வாசித்துக் காட்டி, அவர் வாயால் சம்மதம் கேட்க வேண்டும் என்பது விதி. அதை எழுதியவனே நான். சேந்தன் செய்த தகராறும் அவர்களை வெளியே போகச் சொன்னதுதான். நாயகம் வந்திருக்கையில் அவரை விட்டுவிட்டு வெளியே போவது மரியாதையன்று என்றான் மூத்தவன். நான் உச்சி குளிர்ந்து போனேன். தாயின் கையைப் பிடித்து எழுத்தாணியால் கீறலிட்டதும் அவனே. நான் முத்திரை இட்டுவிட்டு விருந்துண்ணப் போனேன்.

பத்தாம் நாள் பூதியாரை மாட்டுக்கொட்டிலுக்கு மாற்றினார்கள். அடுத்த வீட்டார் சேந்தனை அழைத்து வந்தனர். அவன் எல்லோரையும் வெளியே அனுப்பி, கதவைச் சாத்தி, பூதியார் சொன்னதைச் சொன்னபடி எழுதினான். அவ்வோலையைத் தங்களிடம் கொடுத்திருந்தால் என் பதவி அன்றே போயிருக்கும். அவனோ, பிழையை இட்டவரே திருத்துவது முறையென்று ஒரு வரி சேர்த்து எனக்கே அனுப்பினான். அந்தப் பெருந்தன்மையும் எனக்கு எரிச்சலையே மூட்டியது. அதற்கு மறுநாள்தான் அவனுடைய முத்திரையைப் பறிக்கும்படி தங்களுக்கு எழுதினேன்.

பூதியாரின் ஓலையை நேற்று அடுப்பில் இடக் கொண்டுபோனேன். அதுவரை அதை முழுதும் படித்ததில்லை. அதன் கடைசி வரி இது: "முத்திரை போட வந்தவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் வேண்டாமென்று தலையாவது அசைத்திருப்பேன்."

ஓலையை அடுப்பில் இடவில்லை. இதனுடன் இணைத்துள்ளேன்.

ஆதலால், என் முத்திரை பட்ட அந்தக் கொடை ஓலை செல்லாது என்று கூடல்வாயிலில் பறையறைவிக்க. பூதியாரை இன்றே அவருடைய வீட்டில் அவருடைய கட்டிலில் சேர்ப்பிக்க. சேந்தனைக் குறித்து நான் எழுதியது பொய்யென்று கொண்டு, நடைமுத்திரை அவனிடமே இருக்க விடுக. வளர்பிறை ஐந்தாம் நாள் பூதியார் தம் விருப்பத்தைப் புதிதாகச் சொல்ல, சேந்தன் எழுதட்டும். நானும் வருவேன். பல்லக்கு வேண்டாம். அவன் எல்லோரையும் வெளியே போகச் சொல்லும்போது, நானும் அப்புதல்வர்களோடு வாசலில் நிற்பேன்.

இவ்வோலையின் படி ஒன்று வேந்தரிடம் செல்கிறது; என் இருக்கையைக் குறித்து அவர் முடிவு செய்வார். அது சேந்தனுக்கே போகுமானால் எனக்கு மறுபடியும் வயிறெரியும். எரிந்தாலும் இவ்வாணை மாறாது.

கண்ணால் கண்டு, கையால் எழுதி, அரக்கு வைத்து இட்ட முத்திரை: நம்பி ஏறன்.