இருபத்தொரு அங்குலம்

அட பிடிவாதக்காரா,

இன்னிக்குக் காலையில, முட்டி வலியால சஸ்குவஹானா ஆத்துல இறங்க முடியாம, கரையில மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே இருபத்தொரு அங்குல பாஸ் மீனைப் பிடிச்சேன். ரெண்டு தடவை தண்ணிக்கு மேல துள்ளிச்சு. தூண்டில் கோல் முறிஞ்சிரும்னே நினைச்சேன்.

அளந்தேன். நம்ம வழக்கப்படி ஆத்துலயே விட்டுட்டேன்.

காபிக் கடையில சொன்னா நம்ம எல்வுட் சிரிக்கிறான்: "யாரு பார்த்தா, பெருசு?"

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி அதே கடையில, நீ உன் இருபத்திரண்டு அங்குல மீனைப் பத்திச் சொன்னப்போ, எல்லார் முன்னாடியும் சிரிச்சுக்கிட்டே நான் உன்கிட்ட கேட்டதும் இதேதான். பாதிக் காபியோட எழுந்து போனியே.

எல்வுட்கிட்ட சொல்லிட்டேன், இந்த ஆத்துல பெரிய மீன் உன்னோட இருபத்திரண்டு அங்குலம், என்னோடது ரெண்டாவதுதான்னு.

இன்னொரு நாற்காலி வண்டியிலயே கிடக்கு.

இப்படிக்கு,
அன்னிக்குச் சிரிச்சவன்