கமாண்டரின் கைரேகை

மார்ச் 4, திங்கள்
பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்களாம். அதனால் முக்கியமான ஆள் ஒருவரைச் சாகடிக்க வேண்டுமாம். விண்வெளித் தொடர் எழுதுகிறவர்கள் கையில் ஒரு கோடி கிரகங்கள் இருக்கின்றன. இவர்களுக்குத் தோன்றியது ஒரு பிணம். தலைமை எழுத்தாளர் (நாங்கள் வைத்த பெயர் எமன்) பலகையில் விண்கலத்து ஆட்களின் படங்களை ஒட்டி, யார் போனால் ஜனங்கள் அதிகம் அழுவார்கள் என்று கேட்டார். நான் தொடர்ச்சி பார்ப்பவள். எந்தக் கன்னத்தில் தழும்பு, எந்தக் கதவு எப்படித் திறக்கும் என்று பதிவேட்டில் குறிப்பதுதான் என் வேலை. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “கமாண்டர்” என்றேன்.

மார்ச் 5
ஏன் சொன்னேன்? அண்ணனையும் அண்ணியையும் நினைத்துத்தான். இரண்டு பேரும் ஒரு வாரம்கூட விட்டதில்லை. அண்ணிக்குக் கமாண்டர் என்றால் உயிர். போன வருடம் அண்ணி இறந்த பிறகு அண்ணன் யாரோடும் பேசுவதில்லை. வியாழன்தோறும் தொடர் முடிந்ததும் எனக்குப் போன் செய்வார். கமாண்டரைப் பற்றி மட்டும் பேசுவார். அவ்வளவுதான் மிச்சம்.

மார்ச் 11
மரணக் காட்சி வந்துவிட்டது. கமாண்டர் சூரியனுக்குள் பாய்வதற்கு முன் மூன்று பக்க வசனம் பேசுகிறார். சூரியனும் பொறுமையாகக் கேட்கிறது. பதிவேட்டைப் புரட்டினேன். பன்னிரண்டாம் வாரம்: இயந்திர அறைக் கதவு கமாண்டரின் கைரேகைக்கு மட்டுமே திறக்கும். ஆள் சாம்பலானால் கைக்கு எங்கே போவது? எமனிடம் சொன்னேன். “அதையெல்லாம் எவன் ஞாபகம் வெச்சிருப்பான்?” என்றார். அப்புறம் என்னை எதற்கு வேலைக்கு வைத்திருக்கிறார்?

மார்ச் 28, வியாழன்
ஒளிபரப்பாகிவிட்டது. அண்ணனிடமிருந்து போன்.
“என் வீட்டுல ஒரு சாவு பத்தாதா? நீயும் அந்த ரூம்லதானே உக்காந்திருந்தே?”
வைத்துவிட்டார்.

மார்ச் 29
பார்க்கிறவர்கள் கூடிவிட்டார்களாம். ஆபீசில் கேக் வெட்டினார்கள். வாசலில் யாரோ மெழுகுவத்தி ஏற்றி அழுதார்களாம்; எமன் ஓடிப்போய்ப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினார். வெட்கங்கெட்ட கூட்டம். நானும் ஒரு துண்டு தின்றேன்.

ஏப்ரல் 4
போன் இல்லை.

ஏப்ரல் 11
இன்றும் இல்லை. நானே கூப்பிட்டேன். டிவியைத் துணி போட்டு மூடிவிட்டாராம். தாங்க முடியவில்லை — “கமாண்டர் பேரைச் சொன்னதே நான்தாண்ணே” என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். உங்களுக்கும் அண்ணிக்கும் அவரைத்தானே பிடிக்கும் என்றேன். சொல்லும்போதே எனக்கே நாராசமாக இருந்தது.

ஏப்ரல் 15
கதவு வந்து நின்றது! புதுக் கதையில் இயந்திர அறையில் தீ. உள்ளே போக ஆளில்லை. எழுத்தாளர் கூட்டம் முழுக்கப் பலகையைப் பார்த்து முழித்தது. கமாண்டருக்கு இரட்டைப் பிறவி தம்பி உண்டு என்றார் ஒருவர். ஐஸ் பெட்டியில் ஒரு கை இருக்கட்டும் என்றார் இன்னொருவர். கடைசியில் எமன் தீர்ப்புச் சொன்னார்: மெக்கானிக் உதைப்பான், கதவு திறக்கும். “பதிவேட்ல எழுதிக்கோ.” எழுதினேன்.

மே 9, வியாழன்
எட்டு மணிக்குத் தொடர் முடிந்தது. எட்டு ஒன்றுக்குப் போன்.
“உதைச்சா திறக்கற கதவுக்கு எதுக்குக் கைரேகை? உன் அண்ணி இருந்திருந்தா டிவியை உடைச்சிருப்பா.”
டிவி மேல் இருந்த துணியை எப்போது எடுத்தார் என்று நான் கேட்கவில்லை. நாற்பது நிமிடம் திட்டினார்: எமனை, மெக்கானிக்கை, என்னை. என்னைக் கொஞ்சம் அதிகமாகவே. பதிவேட்டை மடியில் வைத்துக்கொண்டு, அவர் கவனிக்காத ஓட்டைகளை நானும் எடுத்துக் கொடுத்தேன். அண்ணி ஒவ்வொன்றுக்கும் என்ன சொல்லியிருப்பாள் என்று அவரே சொன்னார். ஒரு தடவை சிரித்தார். வைக்கும்போது, அடுத்த வியாழன் தொடர் ஆரம்பிக்கும்போதே கூப்பிடுகிறேன், கூடவே பார்த்துத் திட்டலாம் என்றார்.