கழுவாமல் விட்ட பில்டர்

தம்பி,

நூலகம் வரை போகிறேன். சாப்பாடு மேஜையில் மூடியிருக்கிறது. மதியம் மெக்கானிக் புதிய பில்டர் மாட்ட வருவார், அதுவரை ஏ.சி. போடாதே. பிறகு இருபத்தாறில் வைத்து, மின்விசிறியை மெதுவாகச் சுழலவிடு, பில் குறையும்.

"அம்மா இருந்தா இப்படிக் கணக்குப் பார்ப்பாங்களாப்பா?" என்று நேற்றுக் கோபமாகக் கேட்டாய். பதிலுக்குச் சொல்ல, சிக்கனத்தைப் பற்றி ஒரு நரிக்கதை யோசித்து வைத்திருந்தேன்.

தூசி அடைத்தால் மின்சாரம் அதிகம் இழுக்குமே என்று காலையில் பழைய பில்டரைக் கழுவக் கழற்றினேன். தூசியோடு உன் அம்மாவின் நீண்ட நரைமுடி ஒட்டிக்கொண்டிருந்தது. கதை மறந்துபோயிற்று. குழாயைத் திறந்தவன் அப்படியே மூடிவிட்டேன்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பழைய பில்டர் அவள் புடவை அலமாரியில் இருக்கிறது. பார்க்கத் தோன்றினால் பார். மின்விசிறியை நிறுத்திவிட்டு எடு, முடி பறந்துவிடும்.