கதிரையில் நித்திரையானது குடியினால் அல்ல

திருகோணமலை,
செவ்வாய்க்கிழமை.

1. இதனை எழுதுபவன் அந்தோனிப்பிள்ளை பேணாட், பாலையூற்றில் வசிப்பவன், சட்டத்தரணியாகவும் காணி உறுதி எழுதும் பிரசித்த நொத்தாரிசாகவும் கடமையாற்றி ஓய்வு பெற்றவன், உன் தகப்பன்.

2. என் இரு சிறுநீரகங்களும் ஏறத்தாழ முற்றாகச் செயலிழந்துவிட்டன. இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கப்படுவதால் உயிரோடு இருக்கிறேன்.

3. நான் என் வாழ்நாளில் மதுபானம் அருந்தியவன் அல்லன்.

மகன் டிலுக்ஷனுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் உன் அம்மாவும் தங்கச்சி டிலக்ஷியும் சுகமாக இருக்கிறார்கள், மெல்பேர்ணில் நீயும் அவ்வாறே இருப்பாய் என நம்புகிறேன். என் சுகத்தைப் பற்றி நீ என்னைக் கேளாமலே பிறருக்கு அறிவித்திருப்பதால் அதை நான் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. இதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து எழுதுகிறேன். இடது கையில் ஊசிகள் இருக்கின்றன, வலது கை என் வசத்தில் இருக்கிறது. தொலைபேசியில் நீ இடையில் துண்டித்துவிடுகிறாய், கடிதத்தைத் துண்டிக்க முடியாது என்பதால் இந்த வழியைத் தெரிந்தெடுத்தேன்.

அன்புவழிபுரத்துக் கபிரியேல் குடும்பத்தார் டிலக்ஷியைப் பெண் பார்க்க வந்த அன்று, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே நான் கதிரையில் நித்திரையாகிவிட்டேன். அதை மறுக்கவில்லை. கண் இமைகள் வீங்கியிருந்தன, கை நடுங்கித் தேநீர் சட்டையில் சிந்தியது, கேட்ட கேள்விக்குப் பதில் பாதியில் நின்றது. பூச்சாடியில் சாய்த்து வைத்த தொலைபேசியிலிருந்து நீயும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதற்குப் பின் என்ன நடந்தது என்பதை நான் போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போதுதான் அறிந்தேன். மாப்பிள்ளையின் தகப்பனார் கபிரியேல் என் தோளில் கை வைத்து ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போய், "தம்பி எல்லாம் சொன்னவர், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நானும் முந்தி எடுக்கிறனான்தான், கலியாணத்தண்டு மட்டும் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். மிகுந்த அன்போடு சொன்னார். நீ என்னைக் குடிகாரனென்று அவரிடம் சொல்லியிருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவைக் கேட்டால், அவளுக்கு முன்னமே தெரியும், "அவன் நல்லதுக்குத்தானே சொன்னவன்" என்கிறாள். உன்னைக் கேட்டபோது நீ சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன்: "அப்பா, குடியெண்டால் மன்னிப்பினம், கிட்னியெண்டால் எழும்பிப் போயிடுவினம்." அதன்பின் தொடர்பு இல்லை.

உன் கணிப்பு ஊர் நடப்பின்படி சரியாக இருக்கலாம். அதுவே என் கோபத்தைக் கூட்டுகிறது. கிட்னி வருத்தக்காரனைவிடக் குடிகாரனைச் சம்பந்தியாக்குவது இலகு என்று கணக்குப் போட்டு, உன் தகப்பனைக் குடிகாரனாக்கினாய். ஆயிரக்கணக்கான உறுதிகளில் கையொப்பமிட்டவன் நான். ஒவ்வொரு முறையும் எழுதிக்கொடுப்பவர் தெளிந்த புத்தியோடு இருக்கிறாரா என்று முகத்தைப் பார்த்து உறுதிசெய்த பிறகே பேனையை எடுத்தேன். குடிவெறியில் வந்தவர்களை நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்த மனிதர்களில் சிலர் இன்னும் இந்த ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் இப்போது என்னைப் பார்த்துச் சிரித்தால் அதற்கு நீயே பொறுப்பு.

இந்த நித்திரை எப்படி வருகிறது என்று நீ ஒருமுறையாவது கேட்டதில்லை, ஆகையால் கேளாமலே சொல்கிறேன். இரவில் படுத்தால் கால்களுக்குள் எறும்பு ஊர்வது போலிருக்கும், எழுந்து நடந்தால் மட்டும் அடங்கும், மறுபடி படுத்தால் மறுபடி தொடங்கும். உடம்பு முழுவதும் சொறியும். கண் அயர்ந்தால் மூச்சு நின்று திடுக்கிட்டு எழும்புகிறேன் என்று உன் அம்மா சொல்கிறாள். இரவு தராததைப் பகல் என்னைக் கேளாமல் பிடுங்கிக்கொள்கிறது. பக்கத்துக் கட்டிலில் இருக்கும் குறிஞ்சாக்கேணி அபூதாஹிருக்கும் இதே கதைதான். "நொத்தாரிஸ் ஐயா, நாம ரெண்டு பேரும் ராவையில காவலுக்குப் போயிருந்தா ஹாபர்ல ஒரு களவும் போயிராது" என்று அவர் சொல்லிச் சிரிப்பார், சிரித்துக்கொண்டே நித்திரையாகிவிடுவார். நித்திரைக் குளிசை போடச் சொல்லி நீ டிலக்ஷிக்குச் செய்தி அனுப்பியதையும் அறிவேன். டொக்டரைக் கேட்டேன். சிறுநீரகம் வெளியேற்றாத மருந்து உடம்பிலேயே தங்கிவிடலாம், மூச்சையும் மந்தமாக்கலாம், தன்னைக் கேளாமல் எதுவும் போட வேண்டாம் என்றார். கடல் கடந்து வைத்தியம் சொல்வதை இத்தோடு நிறுத்து.

இனி முக்கியமான விடயம். நேற்று டிலக்ஷியைக் கூட்டிக்கொண்டு ஓட்டோவில் அன்புவழிபுரத்துக்குப் போய், உள்ளதை உள்ளபடி அவர்களிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையின் தாயார், "இது பிள்ளையளுக்கும் வருமோ?" என்று நேராகவே கேட்டார். எனக்கு இது நீண்டகாலப் பிரஷரால் வந்ததென்று டொக்டர்மார் சொல்கிறார்கள், டிலக்ஷியின் இரத்தப் பரிசோதனையில் இன்றைக்குக் குறையில்லை, இதற்கு மேல் நான் உத்தரவாதம் தர ஏலாது என்றேன். அப்படியானால் பிள்ளை ஒரு கிட்னி கொடுக்க வேண்டி வருமோ என்று அடுத்ததாகக் கேட்டார். நான் வாய் திறக்க முன் உன் தங்கச்சி, "அப்பா கேக்கமாட்டார் மாமி. கேட்டால் யோசிப்பன். அதுக்கு நான் ஒருத்தரிட்டையும் அனுமதி கேக்கமாட்டன்" என்றாள். அதற்குப் பிறகு, சொல்ல வெட்கமாயிருக்கிறது, நான் மறுபடியும் கதிரையில் நித்திரையாகிவிட்டேன். விழித்தபோது மின்விசிறி என் பக்கம் திருப்பப்பட்டிருந்தது, எல்லோரும் குரலைத் தாழ்த்திக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். முதல்முறை நான் நித்திரையானபோது அவர்கள் என்னை மன்னித்தார்கள், இந்தமுறை மன்னிக்க ஒன்றும் இருக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுறம்" என்றார் கபிரியேல். இன்னும் பதில் வரவில்லை. வராமலும் போகலாம். அப்படிப் போனால் உன் பொய் நிலைத்திருந்தால் இந்தச் சம்பந்தமும் நிலைத்திருக்குமே என்று நீ எனக்குச் சொல்லக்கூடாது. டிலக்ஷி திரும்பி வரும் வழியில், "போனால் போகட்டும் அப்பா, நாளைக்கு உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகேக்கை ஒளிச்சுப் போக ஏலுமே?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு உன்னிடம் பதில் இருந்தால் அவளுக்கு எழுது.

நீ செய்ய வேண்டியது ஒன்று. கபிரியேலை அழைத்து, உன் வாயால், நான் சொன்னது பொய், அப்பா குடிக்கிறவர் அல்லர் என்று சொல். சம்பந்தம் கூடினாலும் கூடாவிட்டாலும் சொல். அதுவரை என்னை அழைக்க வேண்டாம், அம்மாவை அழை. கலியாணம் நடந்தால், நீ வந்தால், என் பக்கத்துக் கதிரையில் இரு. நான் நித்திரையானால் தட்டி எழுப்பாதே. யாராவது கேட்டால் காரணத்தைச் சத்தமாகச் சொல். அது ஏலாதென்றால் மெல்பேர்ணிலேயே இரு.

கர்த்தர் உன்னையும் உன் வீட்டையும் காப்பாராக. இந்த ஆசீர்வாதம் மேற்சொன்ன கோபத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. உன் பிரஷரை அளந்து பார், உப்பைக் குறை, தள்ளிப்போடாதே. நான் தள்ளிப்போட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அ. பேணாட்

மேலே கையொப்பமிட்டவர் இதனைத் தெளிந்த புத்தியோடு தன் கையால் எழுதினார் என்பதற்குச் சாட்சிகள்:

1. ஐவி பேணாட், மனைவி. (தெளிந்த புத்தி எண்டதுக்கு மட்டும்தான் தம்பி கையெழுத்து வைக்கிறன், ஏசினதுக்கு இல்லை. ஆனால் கபிரியேலுக்கு அந்த போன் கோலை எடுத்துப் பேசு.)

2. மீ. அபூதாஹிர், குறிஞ்சாக்கேணி. (நடுவில ஒருக்கா நித்திரையாகிட்டார். நாங்க எழுப்பல்ல.)