பச்சை உடம்புக்குத் தண்ணீர்

12.5.2025, திங்கள்

இன்றும் வந்துவிட்டார்கள். முத்துமணி நர்ஸம்மாவும், அவர் வேலை பழக்குகிற பாஜிலா என்ற பிள்ளையும். கல்யாணமே ஆகாதவள். என் மகள் பிரேமலதா போன வாரம் பெற்றிருக்கிறாள். இந்தப் பாஜிலா வந்து எனக்குப் பேறுகாலம் பார்க்கச் சொல்லித் தருகிறாள்! நான் நாலு பெற்றவள். சங்கரன்கோவிலில் எத்தனை வீட்டில் என்னிடம் பக்குவம் கேட்டிருக்கிறார்கள்.

பேரனைத் துணியில் கட்டித் தராசில் தொங்கவிட்டார்கள். கத்தரிக்காயா அவன்? பிறந்தபோது இருந்ததைவிட எடை குறைந்துவிட்டதாம்.

"அக்கா, தண்ணி எவ்வளவு குடிக்கீங்க?" என்றாள் பாஜிலா.

பிரேமா என் முகத்தைப் பார்த்தாள்.

"காலையில ஒரு தம்ளர், ராத்திரி ஒரு தம்ளர்" என்று நானே சொன்னேன். "பெத்த பச்ச ஒடம்பு. கூடக் குடிச்சா வயிறு தொங்கிரும். பிள்ளைக்குச் சளி பிடிக்கும்."

"ஒங்களாலதான் ஆச்சி பால் ஊறல!"

என் வீட்டில் நின்றுகொண்டு, என்னைப் பார்த்து!

"ஏட்டி, மொதல்ல ஒண்ணு பெத்துட்டு வந்து பேசு" என்றேன். முகம் சுண்டிப்போயிற்று. போகட்டும்.

வாசலில் வைத்து முத்துமணி அவளை வைதது ஜன்னல் வழியே கேட்டது. "நீ அந்த அம்மாவ ஜெயிக்கவா வந்த? அவங்க கதவச் சாத்திட்டா உள்ள இருக்கிறவள யாரு பாக்கிறது? பேசப் பழகு."

என்னை வைத்துப் பாடம் படிக்கிறார்களா? நான் என்ன, இவர்கள் பரீட்சைக்குக் கேள்வித்தாளா?

13.5, செவ்வாய்

பால் ஊறட்டும் என்று சுறாப்புட்டு கிளறிக் கொடுத்தேன். தின்றாள். தண்ணீர் கேட்டாள். தரவில்லை. பேரன் சிணுங்கிக்கொண்டே கிடக்கிறான்.

15.5, வியாழன்

எழுதவே கை வரவில்லை.

காலையில் நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த வெந்நீரை விளாவி, பிரேமாவைக் குளிக்க உட்காரவைத்தேன். மஞ்சள் எடுக்கப் போய்த் திரும்பினால் — வாளிக்குள் கப்பைவிட்டு மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டிருக்கிறாள். குளிக்கிற தண்ணியை! உதட்டில் இலை ஒட்டியிருந்தது.

"என்னட்டி செய்த?"

"தாகமா இருக்கும்மா."

கப்பை வாங்கி வைத்தேன். எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா? கேட்டாளே. நேத்தும் கேட்டா, முந்தாநாளும் கேட்டா.

ஊருக்கே பக்குவம் சொன்ன வாயால் இனி 'குடி' என்று எப்படிச் சொல்ல?

எல்லாம் அந்தப் பாஜிலா வந்த நேரம்.

16.5, வெள்ளி

பாஜிலா இன்று தனியாக வந்தாள். வாசல் நடை தாண்டாமல் நின்றாள்.

"ஆச்சி, உள்ள வரட்டா?"

"வரத்தான வந்திருக்க."

"இல்ல ஆச்சி, அன்னைக்கு நான்…"

"எங்கிட்ட என்னத்துக்குச் சொல்லுத?" காய்ச்சி ஆறவைத்திருந்த தண்ணீரைப் பெரிய செம்போடு அவள் கையில் திணித்தேன். "நீயே கொண்டுபோய்க் குடு. நர்ஸு சொன்னதாவே இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்லல."

சிரிக்கப் பார்த்தாள். முறைத்தேன். அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

பிரேமா நிறுத்தாமல் குடிக்கிற சத்தம் கேட்டது. அடுப்பில் இன்னொரு பானை தண்ணீர் வைத்தேன்.