கார்டு போச்சு என்றார்கள்

அக். 6, திங்கள்

காலையிலிருந்து மழை வருவதுபோல் பூச்சாண்டி. வரவில்லை. ஆயுத பூஜை முடிந்து ஐந்து நாள், கரையான்சாவடி ரோட்டில் இன்னும் நசுங்கிய பூசணிக்காய். ஒருவன் பைக்கோடு வழுக்கி விழுந்தான். உடைத்தவன் எவனும் கூட்டவில்லை.

இன்று ரிப்பேருக்குக் கடைக்கு வந்த ஐந்து சி.பி.யு.விலும் சந்தனம், குங்குமம். துடைத்துத் துடைத்துக் கை மஞ்சள்.

பதினொரு மணிக்கு ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர், போர்வையில் சுற்றிய பெட்டியோடு. கூடவே மகள்.

"சரி பண்ற தம்பி இல்லியாம்மா?"

"நான்தான் சார் அந்தத் தம்பி."

மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

அவர் சண்முகம், ஆவடி தொழிற்சாலையில் டர்னர், குவார்ட்டர்ஸ் வீடு. மகள் யாழினி, கல்லூரி இரண்டாம் ஆண்டு. அவள் கேம் ஆடும் கம்ப்யூட்டர் ஆன் ஆகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு. ஆவடியில் இரண்டு கடைகளில் "கார்டு போச்சு" என்றார்களாம். வரும் ஞாயிறு கல்லூரி அணிகளுக்கு ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேமில் தகுதிச் சுற்று, வீட்டிலிருந்தே ஆட வேண்டும். அணியில் ஐந்து பேர். மற்ற நால்வரும் வானகரம் பக்கத்து அபார்ட்மென்ட் பையன்கள். இவளிடம் மெஷின் இல்லையென்றால் இவள் இடத்துக்கு ஒருவன் தயார்.

உள்ளே இருப்பவை, அவள் சொன்னபடி:
கேபினட் – சீனியர் தூக்கிப்போட இருந்தது.
போர்டு, பிராசஸர் – செகண்ட் ஹேண்ட், இரண்டு மாதம் தேடியது.
பவர் சப்ளை – புதுசு. "இதுல மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாதுக்கா." விஷயம் தெரிந்தவள்.
கிராபிக்ஸ் கார்டு, திரைக்குப் படம் அனுப்புவது – ஒரு வருடம் டியூஷன் எடுத்து வாங்கியது.

நாங்கள் பூட்டிக் கொடுக்கும் கலர் விளக்கு மெஷின்களின் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

அக். 7, செவ்வாய்

புழுக்கம். டிபன் பாக்ஸை மறந்துவிட்டேன். பன், டீ.

அவள் கார்டு கடை மெஷினில்: கறுப்பு. கடை கார்டு அவள் மெஷினில்: ஒரு முறை படம் வந்தது, மறுமுறை இல்லை. ராம் மாற்றினேன். கேபிள் மாற்றினேன். ம்ஹூம்.

முதலாளி வந்து நின்றார். "இன்னாம்மா, காலைலேர்ந்து அத்தையே நோண்டிகினு கீற? போர்டும் பூட்ச்சு, கார்டும் பூட்ச்சுன்னு சொல்லு. புச்சா ஒரு செட்டு தள்ளிவுடு."

"போகலன்னா?"

"போச்சுன்னு சொன்னா போச்சுதான். அவங்களுக்கு இன்னா தெரியும்?"

பைக் மெக்கானிக், ஸ்கேன் சென்டர், நாங்கள். எல்லாருடைய பிழைப்பும் அந்தக் கடைசி வரியில்தான் ஓடுகிறது. ஒரு நாள் அவகாசம் கேட்டேன். முனகிக்கொண்டே கொடுத்தார்.

அக். 8, புதன்

ஒருவழியாக மழை. மதியம் கரண்ட் போயிற்று. போன் டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: கார்டின் அடியில் வரிசையாக இருக்கும் பொன்னிறப் பற்களின் மேல் மஞ்சளாகப் பக்கு. போர்டில் அது செருகும் பள்ளத்திலும் மஞ்சள் தூள். நகத்தால் சுரண்டினேன்.

சந்தனம்.

நேற்றே இரண்டு முறை பார்த்த இடம். வாரம் முழுக்க எல்லாப் பெட்டியிலும் சந்தனத்தைப் பார்த்துப் பார்த்து அது கண்ணில் படுவதே நின்றுபோயிருக்கிறது. முட்டாள் நான். ஆனால் பொட்டை நெற்றியில் வைப்பார்கள். பல்லில் வைத்தது யார்?

ஸ்பிரிட், பழைய டூத் பிரஷ், பென்சில் ரப்பர், பிளோயர். கரண்ட் வந்ததும் போட்டேன். வந்தது! பத்து முறை அணைத்துப் போட்டேன், பத்து முறையும் வந்தது. கத்திவிட்டேன்.

"இன்னாம்மா, லாட்டரி எதுனா அட்ச்சுதா?" என்றார் முதலாளி. திரையைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்துவிட்டது.

அக். 9, வியாழன்

மாலை சண்முகம் சார் மட்டும் வந்தார், ஷிப்ட் முடிந்து யூனிபார்மோடு. சரியாகிவிட்டது, சந்தனம்தான் என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஷாப்புல பூஜைக்கு லேத்த அக்கக்காக் கழட்டித் தொடச்சி, எண்ண விட்டு, பொட்டு வைப்போம்மா. அவ மெஷினும் மெஷின்தான? அவ டியூஷனுக்குப் போன நேரத்துல அந்தப் பலகையக் கழட்டித் தொடச்சேன். தங்கக் கலர்ல பல்லு இருந்துச்சு. வேல நடக்கிற எடம் அதுதான்னு பட்டுது."

சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

"அவ கேட்டா, பலகை லூசா இருந்துச்சுன்னு சொல்லிரும்மா. மூணு மாசமா அவகிட்ட வாயத் தொறந்தா அந்த மெஷினத்தான் திட்டுவேன். இப்ப நான்தான்னு தெரிஞ்சா, வேணும்னே கெடுத்தேன்னு நெனச்சிருவா."

"பொய் சொல்ல எனக்கு வராது சார். நீங்களே சொல்லுங்க."

சனிக்கிழமை அவளோடு வருகிறேன் என்று எழுந்து போனார். கடுமையாகச் சொல்லிவிட்டேனோ? முதலாளியின் பொய்யும் இவர் கேட்ட பொய்யும் ஒன்றில்லை. தெரியும். ஆனாலும் வாய் வரவில்லை.

அக். 11, சனி

இருவரும் வந்தார்கள். "என்னக்கா ஆச்சு இதுக்கு?" என்றாள் யாழினி. நான் அவரைப் பார்த்தேன். அவர் மேசையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார். முதலாளி நடுவில் புகுந்தார்: "பயைய கார்டும்மா. எப்ப வோணா பூடும். புச்சா ஒண்ணு..."

"கார்டு மேல குத்தமில்ல." சண்முகம் சார் குரல் கொஞ்சம் சத்தமாகவே வந்தது. "பூஜையன்னிக்கு நான்தாம்மா கழட்டிப் பொட்டு வச்சேன்."

யாழினி அவர் பக்கம் திரும்பினாள். ரோட்டில் பஸ் ஹாரன்.

"நீயாப்பா கழட்டுன? அந்த லாக்க ஒடைக்காமயா?"

"ஸ்டீல் ஸ்கேல உள்ள விட்டு லேசா அமுக்குனா விட்டுருதே."

"எனக்கு மொத தடவ அரை மணி நேரம் ஆச்சு."

அவர் முகத்தில் என்ன வந்தது என்று எழுதத் தெரியவில்லை. போர்வையில் சுற்றும்போது சொன்னாள்: "அடுத்த வருஷம் பெட்டியோட வெளிக் கண்ணாடிக்கு வச்சுக்கப்பா. பல்லுக்கு வேணாம்."

பில்லில், கோளாறு என்ற இடத்தில்: சந்தனம். முதலாளி சாயங்காலம்வரை என்னிடம் பேசவில்லை. நல்ல நிம்மதி.

அக். 12, ஞாயிறு

லீவு. துணி ஊறவைத்தேன். மழை, காயாது.

மாலை யாழினி மெசேஜ். முதல் சுற்று ஜெயித்தார்கள், இரண்டாவதில் அவுட். அப்பா பின்னால் பிளாஸ்டிக் சேர் போட்டு முழுக்கப் பார்த்தாராம். தோற்ற பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாராம்: "எடது பக்கம் செவுத்துக்குப் பின்னால ஒருத்தன் நின்னாம்மா. நான் பாத்தேன். நடுவுல பேசலாமா கூடாதான்னு தெரியல."